நிமிஷத்துக்குப் பதினான்கு மூச்சு

"காலப் பிடிச்சுத் தூக்குங்கலே! தலகீழாப் போட்டுச் சுத்தினாத்தான் வெள்ளம் வெளிய வரும்!"

குழித்துறை ஆற்று மணலில் நின்று இப்படிக் கத்தியவர் கொச்சப்பி. கடவில் தோணி ஓட்டுகிறவர். செம்மண் கலங்கிச் சுழித்து ஓடிய தண்ணீரில் மூன்று தடவை முங்கி, மூன்றாம் தடவை ஓர் ஆளைத் தலைமுடியோடு பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தவரும் அவரேதான். அதனால் அவர் சொல்லுக்கு அங்கே மதிப்பிருந்தது.

அன்று ஆடி அமாவாசை. ஆற்றங்கரை முழுக்க ஜனம். இறந்துபோன பெற்றோருக்குப் பலி போட்டுவிட்டு முங்கி எழுகிறவர்கள் கீழே. சந்தை பார்க்க வந்தவர்கள் மேட்டில். மிதிபட்ட எள்ளும் சோறும் ஈரத் துணியும் கலந்து ஒரு வாடை. காகங்களுக்கு மட்டும் எந்தக் கவலையும் இல்லை.

மணலில் கிடந்தவர் பெயர் செல்லப்பன். திருவட்டாறு பக்கத்தில் வாழை பயிரிடுகிறவர். முப்பது வயது இருக்கலாம். அப்பாவுக்கு முதல் வருஷப் பலி போட அக்காவோடு வந்தவர், கால் வழுக்கி இழுப்பில் போய்விட்டார். விரலில் தர்ப்பை மோதிரம் கழலாமல் இருந்தது. நகங்கள் நாவற்பழம் தின்ற நாக்கின் நிறத்தில் இருந்தன. மூச்சு இல்லை.

அக்கா தங்கம்மை அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "லே செல்லப்பா, கண்ணத் தொறலே. வீட்டுக்குப் போவண்டாமா? தொறலே மக்கா."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பக்கத்து ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். என்னோடு வந்திருந்தவர்கள் ஐந்தாம் பாரத்து மாணவர் இருவர், சூசையும் பொன்னையனும். முதலுதவி என்ற வார்த்தையை அந்த வட்டாரத்தில் நாளுக்கு நாற்பது தடவை உச்சரித்து எல்லோரையும் அலுக்கவைத்தவன் நான். அந்த நிமிஷத்தில் என் கால் இரண்டும் மணலில் புதைந்து நின்றன.

நான் வாயைத் திறப்பதற்குள் சூசை கூட்டத்துக்குள் புகுந்துவிட்டான். செல்லப்பனைக் குப்புறப் புரட்டினான். முகத்தை ஒரு பக்கம் திருப்பி, வாய்க்குள் விரலை விட்டு மணலை வழித்து எறிந்தான். தொடைகளின் இருபுறமும் முழங்காலை ஊன்றி, கடைசி விலா எலும்பின்மேல் உள்ளங்கைகளை வைத்தான். முன்னே சாய்ந்தான். பின்னே வந்தான்.

அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறான் என்பது எனக்கும் பொன்னையனுக்கும் மட்டுந்தான் தெரியும். அதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். செல்லப்பன் மணலில் கிடக்கட்டும். சூசை அவரை விடமாட்டான்.

மேஜைக்காலுக்குக் கட்டு

திருவனந்தபுரத்தில் இரண்டு வாரப் பயிற்சி ஒன்று நடந்தது. வேறு யாரும் போக இஷ்டப்படாததால் என்னை அனுப்பினார்கள். திரும்பி வரும்போது என் பெட்டியில் ஒரு சான்றிதழ், சிவப்பு அட்டை போட்ட ஓர் ஆங்கிலப் புத்தகம், ஆறு முக்கோணத் துணிகள். பஸ்ஸிலேயே பக்கத்தில் இருந்தவரின் கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். பாவம், அவர் வழியில் இறங்க வேண்டியவர். கட்டை அவிழ்ப்பதற்குள் பஸ் அவர் ஊரைத் தாண்டிவிட்டது.

இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று யோசித்தால் ஒரு கால்தான் நினைவுக்கு வருகிறது. நான் சின்னப் பள்ளியில் படித்தபோது எங்கள் தெருக்கோடியில் ஒரு பனையேறி விழுந்தார். நாலு பேர் ஓடிப்போய், ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை அள்ளித் தூக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே கால் தனியாகத் தொங்கி ஆடியது. அன்பால் செய்ததுதான். கால் கோணலாகவே கூடிற்று. இப்போதும் சந்தையில் அவரைப் பார்க்கிறேன். ஒரு பக்கமாக வெட்டி வெட்டி நடப்பார். அவர் விழுந்த பனையின் அடியிலேயே பத்துப் பனைமட்டை கிடந்தது. தூக்குவதற்கு முன் இரண்டை எடுத்து வைத்துக் கட்டியிருந்தால்? இந்தக் கேள்வி என்னை விட்டதே இல்லை.

தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். கோட்டும் தலைப்பாகையுமாக இருப்பார். சிரிக்காமலே கேலி பேசுவார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பீரியடு எடுத்துக்கிடும். ஒரு டேர்ம் பாப்போம். பிள்ளைகள் பரீட்சையில விழுந்தா கட்டுப் போட உம்மத்தான் கூப்பிடுவேன், கேட்டீரா?"

முதல் வகுப்பில் இருபது பேர். ஜோடி ஜோடியாகப் பிரிந்து ஒருவர் கையை ஒருவர் கட்டுங்கள் என்றேன். யாரும் அசையவில்லை. யார் யாரைத் தொடலாம் என்று புத்தகத்தில் போடவில்லை. பையன்களுக்கு அது புத்தகம் இல்லாமலே தெரிந்திருந்தது. கடைசியில் மேஜைக்காலுக்குக் கட்டுப் போட்டார்கள். ஒரு மாதம் முழுக்க எங்கள் வகுப்பு மேஜையின் முன்னங்கால் அளவுக்கு வைத்தியம் பெற்ற கால் திருவிதாங்கூரிலேயே இருந்திருக்காது.

மேஜைக்கு மூச்சு நிற்பதில்லை. செயற்கை மூச்சு என்ற பாடம் வந்ததும் மாட்டிக்கொண்டேன். நீரில் முங்கியவனைக் குப்புறப் போட்டு முதுகை அமுக்கி அமுக்கி விட வேண்டும். மேஜையைக் குப்புறப் போட்டு என்ன செய்வது?

பொன்னையன்தான் எழுந்தான். வகுப்பில் ஆகப் பெரிய வாயாடி, ஆகச் சிறிய உடம்பு. மேல்துண்டை உதறித் தரையில் விரித்துப் படுத்தான்.

"யாரு வேணுமானாலும் அமுக்கட்டும் சார். தீட்டு ஒட்டினா எனக்குத்தானே? போற வழியில ஆத்துல ஒரு முங்கு முங்கிட்டுப் போறேன்."

"முங்கும்போ மூச்சு நின்னுட்டுன்னா?" என்றது ஒரு குரல்.

"அதுக்குத்தானேலே ஒன்னப் படிக்கச் சொல்லுது!"

வகுப்பு சிரித்தது. சிரிப்புக்கு நடுவில் சூசை வந்து அவன் அருகே முட்டுப் போட்டான். இனயத்து மீன்பிடிக்காரர் வீட்டுப் பையன். அந்த ஊரிலிருந்து ஐந்தாம் பாரம் வரை வந்த முதல் ஆள். அதிகம் பேசமாட்டான். மேஜைக்கால் காலத்தில்கூட அவனுக்கென்று பின்வரிசையில் ஒரு பெஞ்சுக்கால் தனியாக ஒதுங்கியிருந்தது. அன்று அவன் கை பொன்னையன் முதுகில் பட்டது. மறுவாரம் மேஜைக்காலை யாரும் சீந்தவில்லை.

மேலங்கி இல்லாத ஊர்

அந்தச் சிவப்புப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதை எழுதியவர் நல்ல மனிதர். ஆனால் பனி பெய்யும் தேசத்துக்காரர். எலும்பு முறிந்தால் கைத்தடியை வைத்துக் கட்டு என்பார். மேலங்கிகள் இரண்டைக் கோத்துத் தூக்குக்கட்டில் செய் என்பார். பனியில் விறைத்த விரலுக்கு ஒரு முழு அத்தியாயம்.

"பனியில விரல் வெறைக்குமா சார்?" என்று பொன்னையன் கேட்டான். "மார்கழியில எங்க வீட்டுல தேங்காயெண்ணதான் வெறைக்கும்."

பிறகு நாங்கள் புத்தகத்தை ஓரமாக வைத்துக்கொண்டு, எங்கள் ஊரில் எது எதற்கு ஆகும் என்று தேட ஆரம்பித்தோம். ஒவ்வொருவன் தோளிலும் கிடக்கும் துவர்த்து, அந்தத் துண்டை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணக் கட்டு. பனைமட்டை காலுக்கு. முன்கைக்குக் கமுகம்பாளை. பாக்குமரத்தின் அந்தப் பாளை உட்புறம் பட்டுப்போல வழவழப்பு, வெளிப்புறம் பலகை. நனைத்தால் வளையும், காய்ந்தால் அப்படியே நிற்கும். திருவனந்தபுரத்தில் எனக்குக் காட்டிய தேக்குச் சட்டத்தைவிட நயம்.

தலைமையாசிரியரின் கடிகாரம்

செயற்கை மூச்சில் ஒரு சிக்கல் இருந்தது. நிமிஷத்துக்குப் பன்னிரண்டு தடவையிலிருந்து பதினைந்து வரை அமுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் காற்று உள்ளே போக நேரமிருக்காது, குறைந்தால் போதாது. பையன்கள் உற்சாகத்தில் மாவு பிசைவதுபோல் அமுக்கினார்கள். பொன்னையன் கீழே கிடந்து, "சார், மூச்சு இருக்குத ஆளும் போயிருவான் சார்!" என்று அலறினான்.

வினாடி முள் உள்ள கடிகாரம் பள்ளியில் ஒன்றே ஒன்று. அது தலைமையாசிரியரின் கோட்டுப் பைக்குள் சங்கிலியோடு இருந்தது. சரி, கடிகாரம் இருந்தாலும் ஆற்றங்கரையில் யார் பார்த்து எண்ணுவது? ஆகவே பையன்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். உங்கள் ஊரில் நிமிஷத்துக்குப் பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் நடுவே ஓடுகிற ஒன்றைக் கண்டுபிடித்து வாருங்கள்.

என் வாழ்க்கையில் நான் கொடுத்ததில் சிறந்த வீட்டுப்பாடம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். நெல் குத்தும் உலக்கை வந்தது, மிக வேகம். தறி வந்தது; அதைவிட வேகம். நீர் இறைக்கும் துலா வந்தது; கிணற்றின் ஆழத்துக்குத் தக்கபடி மாறிற்று. ஓணத்து ஊஞ்சல் கிட்டத்தட்டச் சரி. கயிற்றின் நீளம்தான் வீட்டுக்கு வீடு வேறு. தலைமையாசிரியர், தம் கடிகாரம் தம் பையை விட்டுத் தனியாக எங்கும் போகாது என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தாமே கூட வந்தார். தம் பங்குக்குக் கோயில் ஞானப்பாட்டு ஒன்றைச் சிபாரிசு செய்தார். ஞாயிற்றுக்கிழமை அளந்தோம். பிரசங்கத்துக்கு முன்னால் பதினைந்து வரி. பிரசங்கத்துக்குப் பின்னால் ஒன்பது.

பொன்னையன் தன் அப்பாவின் மத்தியானக் குறட்டையைக் கொண்டுவந்தான். சரியாகப் பதினைந்து! புரண்டு படுத்தால் மட்டும் நின்றுபோகிறது. எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: நாங்கள் ஊர் ஊராகத் தேடுவதே ஒரு மனிதனின் மூச்சைத்தானே!

சூசை கடைசியாக வாயைத் திறந்தான். "எங்க கடப்புறத்துல கரமடி வலிப்பாங்க சார். அத ஒருக்க வந்து பாருங்க."

இனயம் கடற்கரையில்

கரமடி என்பது கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலை. வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் இரண்டு வரிசை ஆட்கள் மணலில் நின்று வலிப்பார்கள். மீன் சேர்கிற பை நடுவில் இருக்கும். அதுதான் மடி.

ஒரு சனிக்கிழமை காலையில் தலைமையாசிரியர் குடையை விரித்துக்கொண்டு, கோட்டோடு, அந்த வெயிலில் மணலில் உட்கார்ந்தார். உள்ளங்கையில் கடிகாரம். கயிற்றில் ஒருவர், "ஏலேலோ" என்று நீட்டுவார். எல்லோரும் முன்னே எட்டிப் பிடிப்பார்கள். "வலி!" என்பார், எல்லோரும் ஒன்றாகப் பின்னே சாய்வார்கள். குதிகால்கள் மணலில் உழுதுகொண்டு போகும். கயிற்றிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டும்.

"பதினாலு," என்றார் தலைமையாசிரியர். இன்னொரு நிமிஷம் பார்த்தார். "பதினாலு!" குடை காற்றில் போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

கயிற்றில் முன்னால் நின்றவர் சூசையின் அப்பா. எங்களைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம். கயிற்றை விடாமலே கத்தினார். "ஏலேலோ... லே சூசை, ஆரு அது, சர்க்கார் ஆளா? வலி! எதுக்கு எங்கள எண்ணுதாரு?"

"எங்க எட்மாஸ்டரப்பா!"

"ஏலேலோ... வாத்தியாருக்கு இஞ்ச என்ன சோலி? வலி!"

நான் ஓடிப்போய், ஒரு நிமிஷம் நிறுத்தினால் விவரமாகச் சொல்கிறேன் என்றேன். முழு வரிசையும் என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

"நிறுத்துததா?" என்றார் அவர். "மடி கரையேறாம கயித்த விட்டா வலையும் போவும், மீனும் போவும், நாங்களும் போவோம். நீரு அங்கன இரியும் சாரே. ஏலேலோ..."

அங்கன இருந்தேன். வெயில் ஏறிற்று. கை ஓய்ந்தவர் பின்னால் நகர, இன்னொருவர் அதே இழுப்பில் அவர் இடத்தில் புகுந்துகொண்டார். ஒரு தடவைகூடக் கயிறு தொய்யவில்லை. நான் என் நோட்டுப் புத்தகத்தில் 'பதினான்கு' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

இனயத்து மணல் கொஞ்சம் அந்தக் கடிகாரத்துக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் பள்ளியின் மணி தாமதமாகவே அடித்தது.

மறுபடி ஆற்று மணலில்

ஆகவே சூசையின் உதட்டில் அன்று அசைந்தது அதுதான். ஏலேலோ என்று முன்னே சாய்ந்து அமுக்கினான். வலி என்று பின்னே வந்து அழுத்தத்தைத் தளர்த்தினான்.

"எவன்லே அது, பலி போட்ட ஆளத் தொடுதது?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். கொச்சப்பி என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "சாரே, நான் நாலு பேரத் தலகீழாச் சுத்திப் பொழைக்க வச்சவன். உம்ம பையன் பிடிச்சு விடுததுக்கு இது என்ன சுளுக்கா?" இரண்டு பேர் செல்லப்பனின் காலைப் பிடிக்கக் குனிந்தார்கள்.

தங்கம்மை நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கண்ணீரும் மணலும் ஒட்டியிருந்தன.

"தொடாதிய! பேசுதவன் எல்லாம் நிக்குதான். அந்தப் பிள்ள ஒருத்தன்தான் செய்யுதான். செய்யட்டு."

குனிந்தவர்கள் விலகினார்கள். நானும் அப்போதுதான் விழித்துக்கொண்டு, ஈரத் துணியைத் தளர்த்தி, கூட்டத்தைக் காற்றுக்கு வழிவிடச் சொன்னேன். பொன்னையன் மேட்டுக்கு ஓடி யார் யாரிடமோ உலர்ந்த துவர்த்துகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

ஏலேலோ. வலி. வாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வந்தது. அவ்வளவுதான். ஏலேலோ. வலி. நகங்களின் நீலம் மாறவில்லை. தென்னையின் நிழல் செல்லப்பன் காலில் இருந்தது. அது நகர்ந்து முழங்காலுக்கு வந்தது. கொச்சப்பி தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். யாரோ ஒரு கிழவர் மெதுவாக, "பெண்ணே, இனி..." என்று ஆரம்பித்தார். தங்கம்மை என்னைப் பார்த்தாள்.

இப்போது என் தவறைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பில் செயற்கை மூச்சு கடைசிப் பத்து நிமிஷம். மணி அடிக்கும். பொன்னையன் எழுந்து தூசியைத் தட்டிக்கொள்வான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். ஒரு மணி நேரத்துக்கு மேலும் விடாமல் செய்ய வேண்டியிருக்கும் என்று சிவப்புப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. பீரியடுக்குள் அடங்காது என்று நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். எத்தனை தடவை என்று ஜில்லா முழுக்க அலைந்து கண்டுபிடித்தவன், எத்தனை நேரம் என்று சொல்லித்தரவே இல்லை. அதனால் என் உடம்புக்குள்ளேயும் மணி அடித்துவிட்டது.

நான் குனிந்து சூசையின் தோளைத் தொட்டேன். "போதும் சூசை."

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. முன்னே சாய்ந்தான்.

"மடி கரையேறல்ல சார்," என்றான். பின்னே வந்தான்.

அவன் கை ஓய்ந்துகொண்டிருந்தது. எனக்கு முகம் எரிந்தது. அவன் பக்கத்தில் முட்டுப் போட்டேன். அடுத்த 'வலி'யில் அவன் பக்கவாட்டில் உருண்டு விலக, அடுத்த 'ஏலேலோ'வுக்கு என் உள்ளங்கைகள் அந்த விலாவின்மேல் இருந்தன. கயிறு தொய்யவில்லை. எனக்குப் பிறகு பொன்னையன். அவன் எடை போதாமல் முழு உடம்பையும் கொடுத்தான். மறுபடி சூசை. இப்போது அவன் வாய்விட்டே சொன்னான். கடற்கரைச் சத்தம் ஆற்றங்கரையில் கேட்டது. கொச்சப்பி திரும்பிப் பார்த்தார். தோணிக்காரர்தானே, கை சும்மா இருக்கவில்லை. தொடையில் தாளம் போட்டார்.

நிழல் இடுப்பைத் தொட்ட சமயம். செல்லப்பனின் தொண்டைக்குள், காய்ந்த வாழைச்சருகை மிதித்த மாதிரி ஒரு சத்தம். சூசை நின்றான். எல்லோரும் நின்றோம். ஒன்றுமில்லை. அவன் கையை மறுபடி வைக்கப் போனான். அதற்குள் அந்த முதுகு தானாக மேலே எழும்பிற்று.

தங்கம்மை அழவில்லை. தம்பியின் முதுகில் தன் கையை வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மணி அடிக்காத வகுப்பு

செல்லப்பனைத் துவர்த்துகளில் சுற்றி, வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கொச்சப்பி சூசையிடம் வந்து, "எந்த ஊரு மக்கா?" என்று கேட்டார். சொன்னான். "அதானே!" என்றார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நீங்கள் சுற்றியவர்களில் பிழைத்தவர் நாலு பேர். பிழைக்காதவர் எத்தனை பேர் என்றேன். அவர் ஆற்றைப் பார்த்தார். "அத நான் எண்ணல்ல சாரே."

பத்து நாள் கழித்து செல்லப்பன் ஒரு மட்டி வாழைக்குலையோடு பள்ளிக்கு வந்தார். நான் அவரை உட்காரவைத்து விசாரணை நடத்தினேன். உள்ளே என்ன தெரிந்தது? வெளிச்சமா? ஏதாவது சத்தம் கேட்டதா? ஏலேலோ காதில் விழுந்ததா?

"ஒண்ணும் தெரியல்ல சார். முழிச்சப்போ முதுகு நொந்துது. இப்பவும் நோவுது." சூசையின் கைகளைப் பார்த்தார். "நோவட்டு."

தலைமையாசிரியரிடம் மறுபடி போய் நின்றேன். என் தவறைச் சொன்னேன். வகுப்பை வெள்ளிக்கிழமை கடைசி மணிக்குப் பிறகு மாற்றித் தரக் கேட்டேன். அவர் கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டார்.

"கடசி மணிக்குப் பொறவு எந்தப் பிள்ளைவே இருக்கும்?"

இருபது பேரும் இருந்தார்கள். புதிதாக ஒன்பது பேர் வந்திருந்தார்கள். வாசலருகே, தலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொச்சப்பியும். பொன்னையன் வழக்கம்போல் துண்டை விரித்துக் குப்புறப் படுத்தான். சூசை முட்டுப் போட்டு உள்ளங்கைகளை வைத்தான்.

"மணியும் இல்ல. எப்ப எழும்பணும் சார்?" என்று தரையிலிருந்தே கேட்டான் பொன்னையன்.

நான் யோசிப்பதற்குள் சூசை சொன்னான்.

"மூச்சு வந்தா நீயே எழும்புவ. கிடலே."